வராண்டாவில் ஒரு கோல்ஃப் மைதானம்

கோல்ஃப் ஆட என்ன வேண்டும்? பை நிறைய மட்டைகள் (14-க்கு மேல் கூடாது, சட்டம்!), பதினெட்டுக் குழிகள், அந்தக் குழிகளைப் பரப்பி வைக்க நூறு, நூற்றைம்பது ஏக்கர் புல்வெளி, இதற்கெல்லாம் ஃபீஸ் கட்ட ஒரு பணக்கார மாமனார். நாம் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சென்னையில் அண்ணா சாலை ஓரமாகவே, நந்தனத்தில், ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கிறது. தினமும் பஸ்ஸில் அதைத் தாண்டி ஆபீஸ் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

சியோலில் அப்படியில்லை சார். நம்ம ஊர் டீக்கடை மாதிரி தெருவுக்குத் தெரு கோல்ஃப். புல் கிடையாது, ஏக்கர் கிடையாது, வெயில்கூடக் கிடையாது. பாதி கோல்ஃப் தரைக்குக் கீழே பேஸ்மென்ட்டில் நடக்கிறது. மீதி, வீட்டு வராண்டாவில்!

தென்கொரியா நம் தமிழ்நாட்டைவிடச் சின்ன தேசம். நாம் 1,30,000 சதுர கிலோமீட்டர் என்றால் அவர்கள் ஒரு லட்சம் சொச்சம். அதிலும் நூற்றுக்கு எழுபது பங்கு மலை. மிச்ச இடத்தில் ஐந்து கோடிப் பேர். அந்த ஐந்து கோடியில் பாதி சியோலிலும் அதன் சுற்றுப்புறத்திலும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை குளிர் ஜீரோவுக்குக் கீழே பத்து டிகிரி வரைக்கும் இறங்கும். புல்லெல்லாம் காய்ந்து வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். கோல்ஃபுக்கு இதைவிடப் பொருத்தமில்லாத ஊரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆனாலும் அங்கே அந்தப் பைத்தியம் பிடித்ததற்கு ஒரு பெண் காரணம். 1997-ல் கொரியாவின் பொருளாதாரம் படுத்துவிட்டது. ஐ.எம்.எஃப்.பிடம் கை நீட்டிக் கடன் வாங்கினார்கள். கம்பெனி கம்பெனியாக ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த வருஷம், 1998 ஜூலையில், அமெரிக்காவில் யு.எஸ். பெண்கள் ஓப்பன். பாக் செ-ரி என்ற இருபது வயசுப் பெண். பந்து குளத்து ஓரச் சரிவில் போய் மாட்டிக்கொண்டது. அந்தப் பெண் ஷூவைக் கழற்றினாள், சாக்ஸைக் கழற்றினாள், தண்ணீரில் இறங்கிப் பந்தை வெளியே அடித்தாள். கணுக்கால் வரை வெயிலில் கறுத்த கால், சாக்ஸுக்குள் இருந்த பாதம் மட்டும் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. எத்தனை நாள் வெயிலில் நின்றிருக்கிறாள் என்று டி.வி. பார்த்த தேசத்துக்கே அந்தப் பாதம் சொல்லிவிட்டது. ஜெயித்தாள். வேலை போன அப்பாக்கள் எல்லாம் மகள் கையில் மட்டையைக் கொடுத்தார்கள். (2016 ரியோ ஒலிம்பிக்ஸில் பெண்கள் கோல்ஃப் தங்கமும் கொரியாவுக்குத்தான், பாக் இன்-பி வாங்கினார்.)

மகள்கள் சாம்பியன் ஆனார்கள். அப்பாக்கள் என்ன ஆனார்கள்? அதைத்தான் நான் பார்த்தேன்.

2024 பிப்ரவரியில் ஆபீஸ் வேலையாக மூன்று வாரம் சியோல் வாசம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலை பார்க்கிறவர்களுக்குக் கொரியா ஆபீஸ் பழக்கங்கள் தெரிந்திருக்கும். பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. பதவியைச் சொல்லி, கூடவே ஒரு 'நிம்' போட வேண்டும். 'நிம்' என்றால் நம்ம 'சார்'. செக்‌ஷன் மேனேஜர், குவாஜாங்நிம். அவருக்கு மேலே டிபார்ட்மென்ட் தலைவர், புஜாங்நிம். என்னைக் கவனித்துக்கொள்ள நியமிக்கப்பட்டவர் ஒரு குவாஜாங்நிம். வயது முப்பத்தொன்பது. நல்ல மனுஷர். ஆனால் எப்போது பார்த்தாலும் காபி மெஷின் முன்னால் நின்றுகொண்டு இரண்டு கையையும் சேர்த்து, இல்லாத ஒரு பெண்டுலத்தை ஆட்டிக்கொண்டே இருப்பார். வாஸ்து பயிற்சியோ, முதுகுவலியோ என்று முதல் இரண்டு நாள் நான் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் அவரே சொன்னார்: "ஏப்ரலில் எனக்கு முடி ஏற்றுகிறார்கள்."

திருப்பதியில் முடி இறக்குவது தெரியும். ஏற்றுவது?

கொரியாவில் முதன்முதலாக நிஜப் புல்தரையில் கோல்ஃப் ஆடுவதற்கு அப்படி ஒரு பெயர். அந்தக் காலத்தில் கல்யாணப் பெண்ணுக்குச் சடையை அவிழ்த்துத் தூக்கிக் கொண்டை போடுவார்களாம். அந்தச் சடங்கின் பெயர்தான் இதற்கும். எட்டு மாசமாக மனுஷர் கோல்ஃப் பழகுகிறார். இதுவரை ஒரு புல்லைக்கூட மிதித்ததில்லை!

விஷயம் இதுதான். கொரியாவில் மைதானத்துக்கு நாலு பேராகத்தான் பெரும்பாலும் புக் செய்வார்கள். புஜாங்நிம் சனிக்கிழமைகளில் காரில் கூட்டிக்கொண்டு போகும் நாலு பேரில் ஒருவருக்கு டிரான்ஸ்ஃபர் ஆகிவிட்டது. ஓர் இடம் காலி. அந்த இடத்துக்கு நம்மவர் பெயரும் அடிபடுகிறது, அவருக்கு நாலு வருஷம் ஜூனியரான ஒரு பையன் பெயரும் அடிபடுகிறது. பையன் காலேஜிலேயே கோல்ஃப் ஆடியவன். போக ஒரு மணி, வர ஒரு மணி, நடுவில் நாலைந்து மணி நேரம். ஒரு நாள் முழுக்க பாஸோடு பேச வேறு எந்த வழி இருக்கிறது? ஆபீஸில் மூன்று மாசத்தில் நடக்காதது அந்தக் காரில் நடந்துவிடும். "ஆடாதவனுக்குத் திங்கட்கிழமை மீட்டிங்கில் பாதி புரியாது" என்றார்.

(அரசாங்க அதிகாரி, வாத்தியார், பத்திரிகைக்காரர் இவர்களையெல்லாம் ஓசி கோல்ஃபுக்குக் கூட்டிப் போவதை 2016 செப்டம்பரில் அமலுக்கு வந்த சட்டம் தடுத்துவிட்டது. சொந்தக் கம்பெனி பாஸோடு போவதை எந்தச் சட்டம் தடுக்கும்?)

செலவைக் கேட்டேன். வார இறுதியில் மைதானக் கட்டணம், வண்டி, கேடி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு மூன்றரை லட்சம் வொன் ஆகிவிடுமாம். நம்ம காசில் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல். ஒரு சனிக்கிழமைக்கு! அதனால்தான் பேஸ்மென்ட்.

ஒரு சாயங்காலம் என்னையும் அழைத்துப் போனார். கோழி வறுவல் கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவில் படிக்கட்டு கீழே இறங்குகிறது. உள்ளே கரோகே ரூம் மாதிரி வரிசையாக அறைகள். ஒவ்வொன்றிலும் சுவரை அடைத்து ஒரு திரை. திரையில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானம், நிஜம் போலப் பச்சை. பந்து தரைக்குள்ளிருந்து தானாக எழும்பி நிற்கிறது. ஓங்கி அடித்தால் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் வேகம். ஆனால் அது போகும் தூரம் மூன்று நாலு மீட்டர்தான். திரைத்துணியில் மோதித் தொப்பென்று விழுந்துவிடும். அடிபட்ட அந்த நொடியில் பந்தின் வேகம், எழும்பிய கோணம், சுழற்சி எல்லாவற்றையும் கேமராவும் சென்ஸாரும் பிடித்துவிடுகின்றன. மீதி 200 மீட்டரைக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுத் திரையில் ஓட்டுகிறது. திரையில் மேடு வந்தால் காலடியில் பலகையும் சாய்கிறது. இந்த வித்தையைப் பெரிய வியாபாரமாக்கிய 'கோல்ஃப்ஸோன்' கம்பெனி 2000-ல் தேஜொன் நகரத்தில் ஆரம்பித்தது. பதினெட்டுக் குழியும் ஆட இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது. கோழியும் பீரும் தனி.

எனக்கும் மட்டையைக் கொடுத்தார்கள். சின்ன வயதில் கிட்டிப்புள் ஆடிய கை. நேராக 90 மீட்டர் போனதாகத் திரை சொன்னது. உடனே மூன்று பேரும் ஒரே குரலில் "நைஷா...ட்!" 'நைஸ் ஷாட்'தான் அப்படிச் சுருங்கிவிட்டது. பக்கத்து அறைகளிலும் நொடிக்கொரு 'நைஷாட்' கேட்கிறது. காது கொடுத்துக் கேட்டால் தெரியும், பாஸ் அடித்ததற்கு வரும் நைஷாட் பந்து கிளம்புவதற்கு முன்னாலேயே கிளம்பிவிடும்!

இதெல்லாம் ஆபீஸ் கோல்ஃப். வீட்டு கோல்ஃபைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை புண்டாங் போனேன். கங்னம் ஸ்டேஷனிலிருந்து ரயிலில் இருபது நிமிடத்துக்குள். தொண்ணூறுகளில் கட்டிய அடுக்குமாடிகள், தீப்பெட்டியை நிறுத்தி வைத்த மாதிரி. எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால் பக்கச் சுவரில் ஆளுயரத்துக்குமேல் நம்பர் எழுதியிருக்கிறார்கள். இல்லாவிட்டால் வேறு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள். புதிதாகக் கட்டும் காம்ப்ளெக்ஸ்களில் பேஸ்மென்ட்டில் குடியிருப்பவர்களுக்கென்றே கோல்ஃப் அறை கொடுத்துவிடுகிறார்கள். இவருடையது பழைய கட்டடம், அந்த வசதி இல்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தால் தரை இளஞ்சூடு. அடியில் வெந்நீர்க் குழாய் ஓடுகிறது. உள்ளிருந்து ஒரு சின்னப் பெண் "அப்பா!" என்று கூப்பிட்டாள். நான் திரும்பிப் பார்த்தேன். கொரியாவிலும் அப்பா அப்பாதான்.

மைதானம் வராண்டாவில் இருந்தது. அவர்களும் பால்கனியை 'பெராண்டா' என்றுதான் சொல்கிறார்கள். அகலம் ஐந்தடி, நீளம் பதினைந்தடி இருக்கும். 2005 கடைசியில் பால்கனிச் சுவரை இடித்து ஹாலோடு சேர்த்துக்கொள்ளச் சட்டம் அனுமதித்துவிட்டது. ஊரில் பாதிப் பேர் இடித்துவிட்டார்கள் என்று அவர் மனைவிக்கு வருத்தம். "இந்தப் பேட்டையில் ஒரு சதுர மீட்டர் என்ன விலை தெரியுமா? அதில் இவர் பந்து உருட்டுகிறார்" என்று எனக்கு மொழிபெயர்க்கச் சொன்னார். மொழிபெயர்த்தவர் கணவரேதான். பாவம், ஒரு வார்த்தை விடாமல் செய்தார்.

வீட்டின் உயரம் 2.3 மீட்டர், ஏழரை அடி. டிரைவர் என்கிற பெரிய மட்டை மட்டுமே 45 அங்குலம். அதைத் தலைக்குமேல் சுழற்ற ஒன்பது பத்தடி வேண்டும். எனவே வீட்டுக்குள் ஓங்கி அடிக்கும் பேச்சே கிடையாது. மீறினால் விளக்கு உடையும், மனைவி வருவார், ஆட்டம் முடிந்தது. வராண்டாவில் பழகுவது பட்டிங் மட்டும்தான். பட்டர் என்றால் வெண்ணெயும் இல்லை, கோயில் பட்டரும் இல்லை. குழிக்குப் பக்கத்தில் வந்துவிட்ட பந்தை உருட்டி உள்ளே தள்ளும் தட்டை முகக் கட்டை. காபி மெஷின் முன்னால் ஆடிய பெண்டுலம் அதுதான்.

"வெறும் உருட்டல்தானா?" என்றேன்.

அவர் ஒரு கணக்குச் சொன்னார். மைதானத்தின் நியாயமான ஸ்கோர் 72 என்றால், குழிக்கு இரண்டு உருட்டல் வீதம் பதினெட்டுக் குழிக்கு 36 உருட்டலை அதிலேயே சேர்த்துவிடுகிறார்கள். பாதி ஆட்டம்! நூற்றைம்பது ஏக்கரில் நடப்பதில் பாதி, மூன்று மீட்டர் நீளப் பச்சைப் பாயில் அடங்கிவிடுகிறது. இன்னொரு கணக்கு. குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் தூரத்திலிருந்து தட்டும்போது பக்கத்துக்கு மூன்று டிகிரி வரை தப்பினாலும் குழி மன்னித்துவிடும். மூன்று மீட்டரிலிருந்து என்றால் ஒரே டிகிரிதான். அதுவும் மெதுவாக உருண்டு வந்தால்தான். வேகமாக வந்தால் விளிம்பில் சுற்றி வெளியே துப்பிவிடும்.

அவருடைய ஏற்பாடு இப்படி. பாயின் கோடியில் லேசான ஏற்றம், அதன் உச்சியில் குழி. பலம் போதாவிட்டால் பந்து திரும்பிக் காலடிக்கே வந்துவிடும். பந்துக்கு ஒரு சாண் முன்னால் இரண்டு பத்து வொன் நாணயங்கள், பந்து நுழைய மட்டும் இடைவெளி விட்டு. நாணயத்தைத் தொடாமல் போக வேண்டும். குழிக்குப் பின்னால் மடித்த துண்டு. பாய்க்கு அடியில் மகளின் பழைய விளையாட்டு ரப்பர் விரிப்பு, இரண்டு மடிப்பு. கடைசி இரண்டும் கீழ் வீட்டுப் பாட்டிக்காக. ஆரம்பத்தில் இரவு பதினோரு மணிக்குப் பந்து பாயைத் தாண்டி டைல்ஸில் விழுந்து 'டொக்... டொக்... டொக்'. லிஃப்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டப்பட்டது: 'இரவில் கோலி விளையாடும் குழந்தையைப் பெற்றோர் கண்டிக்கவும்.' சிரிக்காதீர்கள். மேல்மாடிச் சத்தச் சண்டைக்கென்றே 2012-ல் அரசாங்கம் தனி மையம் திறக்க வேண்டியிருந்த தேசம் அது. குவாஜாங்நிம் ஒரு பெட்டி ஆரஞ்சோடு கீழே போய் அந்தக் குழந்தை தான்தான் என்று ஒப்புக்கொண்டு வந்தார்.

வராண்டாவின் இன்னொரு மூலையில் கிம்ச்சி ஃப்ரிட்ஜ். ஆமாம், அங்கே ஊறுகாய்க்குத் தனி ஃப்ரிட்ஜ். அது மட்டும் இல்லாவிட்டால் நாலு மீட்டர் பாய் போட்டிருக்கலாம் என்று என் காதோடு சொன்னார். அதை மொழிபெயர்க்கவில்லை.

தினமும் இரவு, ஒரு மீட்டரிலிருந்து தொடர்ந்து இருபது. பத்தொன்பதாவது தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து. ஏன் ஒரு மீட்டர்? அங்கேதான் சூட்சுமம். பந்து குழிக்கு அருகில் வந்து நின்றால், கூட ஆடுகிறவர்கள் 'ஓ.கே.' என்று சொல்லலாம். சொன்னால் உருட்டவே வேண்டாம், விழுந்ததாகக் கணக்கு. புஜாங்நிம்மின் பந்து ஒன்றரை மீட்டரில் நின்றாலும் மூன்று பேரும் 'ஓ.கே.' 'ஓ.கே.' 'ஓ.கே.' புதிதாக வந்தவன் பந்து ஒரு மீட்டரில் நின்றால்? எல்லோரும் புஜாங்நிம் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் மலையைப் பார்ப்பார்.

"பெரிய அடி தப்பலாம். எல்லோருக்கும் தப்பும், சிரித்துவிடுவார்கள். ஒரு மீட்டர் தப்பினால் யாரும் சிரிக்க மாட்டார்கள். அந்தச் சும்மா இருத்தலைத்தான் என்னால் தாங்க முடியாது" என்றார். மகள் குழிப் பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்து பந்தைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை அவளோடு ஆற்றங்கரையில் சைக்கிள் விடும் வழக்கம் உண்டாம். ஏப்ரலுக்கு மேல் அதை என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பதினேழு, பதினெட்டு என்று கொரியனில் எண்ணிக்கொண்டிருந்தாள் அவள்.

நம்ம ஊர் ஃப்ளாட்டில் இது முடியுமா என்று ஆசைப்படுகிறவர்களுக்கு: பத்தடி உயரம் இருக்கிறதே என்று டிரைவரைச் சுழற்றிவிடாதீர்கள், மேலே ஃபேன் சுற்றுகிறது. உருட்டல் மட்டும் தாராளமாக முடியும். மொசைக் தரையில் பந்து நிற்காது. கெட்டியான ஜமக்காளம் ஒன்றைச் சுருக்கமில்லாமல் விரித்தால் போதும். குழிக்கு எவர்சில்வர் டம்ளரைப் படுக்க வையுங்கள். டம்ளர் வாய் ஏழு, எட்டு சென்டிமீட்டர்தான். அதில் பழகிய கண்ணுக்கு நிஜக் குழி கிணறு மாதிரி தெரியும். பந்து விழுந்தால் 'டங்' என்று சத்தம் வேறு. இரவு பதினோரு மணிக்கு வேண்டாம். ஆரஞ்சு விற்கிற விலையில் கட்டுப்படியாகாது.

ஏப்ரல் மூன்றாவது வாரம் அவரிடமிருந்து மெசேஜ் வந்தது. முதல் வரி: 'முடி ஏற்றியாகிவிட்டது. 131.' நூறுக்குமேல் போகிறவர்களைக் கேலி செய்ய அங்கே தனிப் பெயரே உண்டு. தண்ணீரில் மூன்று பந்து, காட்டில் ஐந்து. நிஜப் புல் வழுக்குகிறதாம். காற்று அடிக்கிறதாம். திரையில் காற்றுக்கு ஓர் அம்புக்குறிதானே, முகத்தில் அடிக்காதே! பதினேழாவது குழியில் பந்து சரியாக ஒரு மீட்டரில் நின்றது. இரண்டு பேரும் புஜாங்நிம்மைப் பார்த்தார்கள். அவர் மலையைப் பார்த்தார். இவர் புல்லில் இரண்டு பத்து வொன் நாணயங்கள் இருப்பதாக நினைத்துக்கொண்டு தட்டினார்.

விழுந்தது.

யாரும் நைஷாட் சொல்லவில்லையாம். திங்கட்கிழமை காலை புஜாங்நிம் கேபினுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். 131-க்கு விளக்கம் கேட்கப்போகிறார் என்று இவர் நின்றார்.

"உருட்டுவதை எங்கே பழகினாய்?"

"வீட்டில். வராண்டாவில்."

"பாய் எத்தனை மீட்டர்?"

"மூன்று."

புஜாங்நிம் கொஞ்ச நேரம் யோசித்தாராம். அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டாராம்: "கிம்ச்சி ஃப்ரிட்ஜை எங்கே நகர்த்தினாய்?"